ஜூன் 15க்கு முன் உங்கள் மகள் எழுத வேண்டிய மெயில்கள்

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் 10ஆம் வகுப்பு. ஏழு வயதிலிருந்து சாக்கர் ஆடுகிறாள். கிளப்பில் இரண்டாம் அணியில் லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பு). இந்த வருடம் ஸ்கூல் வார்சிட்டி (முதன்மை) அணியிலும் இடம் கிடைத்திருக்கிறது. ஜிபிஏ 3.9. அவளோடு ஆடும் இரண்டு பெண்களுக்குக் கல்லூரி கோச்சுகளிடமிருந்து மெயில் வருகிறதாம். இவளுக்கு வருவதெல்லாம் கேம்ப் விளம்பரம்தான். நான் கோச்சுகளுக்கு எழுதிய பன்னிரண்டு மெயிலில் ஒன்றுக்கும் பதில் இல்லை. கல்லூரி அணிகளில் சேர உதவும் ஒரு ரிக்ரூட்டிங் நிறுவனம், 3,500 டாலர் கட்டினால் ஆயிரம் கோச்சுகளுக்கு அவளுடைய விவரத்தை அனுப்புகிறோம் என்கிறது. கட்டலாமா? அவள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறாள், கிரீன் கார்டு எப்போது வருமோ தெரியாது. அதனால் தடை ஏதும் வருமா? என் மனைவி, "ஸ்கூல் டீமை விட்டுவிடட்டும், அடிபட்டால் எல்லாம் போச்சு" என்கிறாள். வழி சொல்லுங்கள்.
— ஒரு தந்தை, டெக்சஸ்

பதில்: அந்தப் பன்னிரண்டு மெயிலையும் எழுதியவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

கிளப் வேலைக்கு வருவதற்கு முன்பு ஆறு வருடம் ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) பெண்கள் அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்தேன். ரிக்ரூட்டிங் மெயில்களைப் படித்துப் பிரிப்பது என் தலையில் விழுந்த வேலை. வாரயிறுதி ஆட்டங்கள் முடிந்த சூட்டோடு அனுப்பியவை திங்கட்கிழமை காலையில் குவிந்து கிடக்கும். அப்பா எழுதியது எது, பிள்ளை எழுதியது எது என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அப்பா எழுதினால், கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உள்ளவள், சிறு வயதிலிருந்தே ஆர்வம் என்று கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் குறிப்பு மாதிரி இருக்கும். பிள்ளை எழுதினால், "சனிக்கிழமை காலை 8 மணிக்கு 5ஆம் நம்பர் மைதானத்தில் ஆடுகிறேன், என் ஜெர்சி நம்பர் 3" என்று இருக்கும். எனக்கு வேண்டியது இந்தத் தகவல்தான். அதோடு, நாலு வருடம் அணியில் இருக்கப்போவது அந்தப் பெண். மெயில் எழுதவே அப்பாவை அனுப்புகிறவள், நாளைக்கு மூன்று ஆட்டம் வெளியே உட்கார வைத்தால் என் அறைக்கு வந்து ஏன் என்று கேட்பாளா? இந்தக் கணக்கையெல்லாம் கோச்சுகள் போடுவார்கள்.

பதில் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, டிவிஷன் 1 சாக்கர் கோச்சுகள் ஒரு மாணவியிடம் அவள் பத்தாம் வகுப்பை முடித்து வரும் ஜூன் 15 வரைக்கும் ரிக்ரூட்டிங் பற்றிப் பேசக் கூடாது. மெயில் கூடாது, போன் கூடாது, இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பவும் கூடாது. டிவிஷன் 2க்கும் அதே தேதிதான். அதுவரை அவர்கள் அனுப்பக்கூடியது கேம்ப் அறிவிப்பும், விவரம் கேட்கும் படிவமும்தான். ஆகவே மௌனத்தை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு பெண்களுக்கு வரும் மெயில்களையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெயர் போட்டு அன்பாக எழுதிய கேம்ப் விளம்பரமாகவே இருக்கலாம்.

ஆனால் உங்கள் மகள் எழுதுவதற்குத் தடை இல்லை. அவர்கள் படிக்கலாம், பட்டியலில் பெயரைக் குறித்துவைக்கலாம், மைதானத்துக்கு வந்து ஆட்டத்தைப் பார்க்கலாம். ஜூன் 15 பிறந்ததும் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் கோச்சுகளிடமிருந்து போன் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். அந்த ராத்திரிக்கான பட்டியல் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே தயாராகிவிடும். கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்க்கும் அழைப்புகள், டிவிஷன் 1இல், அந்த ஆகஸ்ட் 1 முதல். டிவிஷன் 3 கல்லூரிகளுக்கும், என்ஏஐஏ என்ற வேறொரு விளையாட்டு அமைப்பில் இருக்கும் கல்லூரிகளுக்கும் மெயில் விஷயத்தில் இந்தக் கட்டு கிடையாது. உங்கள் மகள் இன்றைக்கு எழுதினால் நாளைக்கே பதில் வரலாம்.

அப்படியானால் யாருக்கு எழுதுவது? இதைத்தான் குடும்பங்கள் கடைசியில் யோசிக்கின்றன. முதலில் யோசிக்க வேண்டியது.

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் கிளப்பின் இரண்டாம் அணியில் இருக்கும் லெஃப்ட் பேக்கை ஏசிசி, எஸ்இசி, பிக் டென் போன்ற பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் போட்டிக் கூட்டமைப்பு) அணிகள் எடுப்பது அரிது. முதல் அணியில் ஆடும் பெண்களை அவர்கள் எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கவனித்து வருகிறார்கள். 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு அவர்களுக்கு இன்னொரு கடையும் திறந்துவிட்டது. 17 வயதுப் பெண்ணை எடுத்து வளர்ப்பதற்குப் பதில், வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடித் தேறிய 20 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

பெண்ணாக இருப்பதில் உங்கள் மகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு. டிவிஷன் 1இல் பெண்கள் சாக்கர் அணிகள் ஏறக்குறைய 350. ஆண்கள் அணிகள் 200 சொச்சம்தான். கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் இதற்கு முக்கியக் காரணம். அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றே நூறு ஆண்களை விழுங்கிவிடுவதால், சமன் செய்யக் கல்லூரிகள் பெண்களுக்கு வேறு அணிகளைத் திறந்தன. பெண்கள் சாக்கர் அப்படிப் பெருகியது. உங்களுக்கு மகன் இருந்திருந்தால் இந்தப் பதில் இன்னும் கசந்திருக்கும். ஆண்கள் அணிகளில் வெளிநாட்டு வீரர்கள் பெரும் பங்கு.

பண விஷயத்தில் பல பெற்றோர் மனக்கோட்டை கட்டியிருப்பார்கள். முழு ஸ்காலர்ஷிப் என்பது சாக்கரில் எப்போதுமே அபூர்வம். டிவிஷன் 1 பெண்கள் அணிக்குப் பழைய விதி 14 ஸ்காலர்ஷிப். அதை முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்போம். ஒருத்திக்கு எழுபது சதவீதம், ஒருத்திக்குப் புத்தகச் செலவு, பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஹவுஸ் வழக்குச் (கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றியது) சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு போய், அணியின் தலைக்கணக்குக்கு வரம்பு வந்துவிட்டது: சாக்கருக்கு 28 பேர். காகிதத்தில் 28 பேருக்கும் முழுப் பணம் தரலாம். கஜானாவில் பணம் இருக்கும் கல்லூரிகள்தான் தரும். நடைமுறையில் நடந்தது என்னவென்றால், முன்பு 32ஆவது, 33ஆவது ஆளாகப் பணம் வாங்காமல் ஒட்டிக்கொள்ள முடிந்த இடங்கள் போய்விட்டன. உங்கள் மகளைப் போன்றவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். அந்த 3.9 ஜிபிஏதான் உங்கள் கையிலிருக்கும் பெரிய சீட்டு. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்!

டிவிஷன் 3 என்றால் மூன்றாந்தரம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். எம்ஐடி டிவிஷன் 3. எமரி, சிகாகோ பல்கலைக்கழகம், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், கார்னகி மெலன் எல்லாம் டிவிஷன் 3. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பெண்கள் அணி 2022இல் டிவிஷன் 3 சாக்கர் பட்டத்தை வென்றது. அதே வருடம் ஆண்கள் பட்டம் சிகாகோவுக்கு. அந்த ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஜூலியன் சிட்ச் என்ற பெண். என்சிஏஏ ஆண்கள் சாக்கர் பட்டம் வென்ற முதல் பெண் பயிற்சியாளர் அவர். உங்கள் மாநிலத்திலேயே சான் ஆன்டோனியோவின் டிரினிட்டி பல்கலைக்கழகம் இருக்கிறது, சாக்கரில் பேர் போன இடம். டிவிஷன் 2இல் பார்த்தால் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ். இன்ஜினியரிங்கும் நல்ல சாக்கரும் சேர்ந்தே கிடைக்கும்.

டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தரக் கூடாது. படிப்புக்கான உதவி, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி இரண்டும் உண்டு. ஆனால் கோச் கையில் வேறொன்று இருக்கிறது: அட்மிஷன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் மாணவியின் மதிப்பெண்களை அட்மிஷன் ஆட்களிடம் கொடுத்து, "இவள் தேறுவாளா" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்கள். ப்ரீ-ரீட் என்று அதற்குப் பெயர். பச்சை விளக்கு காட்டினால், இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வதாக உறுதி கொடுக்கும் இயர்லி டிசிஷனில், அந்த ஒரே கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். இது நூறு சதவீத உத்தரவாதம் இல்லை. ஆனாலும், நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேர்கூட நுழைய முடியாத கல்லூரிகளில் இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மட்டம் என்று நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது. மகள் கிளப் கோச்சிடம் தனியாகப் போய், "நான் எந்த மட்டத்தில் ஆட முடியும், உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள். கூட இருந்தால் அவர் மென்று விழுங்குவார். அப்புறம் வசந்த காலத்தில் பக்கத்துக் கல்லூரி அணிகள் நட்பு ஆட்டங்கள் ஆடும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம். லெஃப்ட் பேக்கை மட்டும் இருபது நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தான் நின்றால் தாக்குப்பிடிக்குமா என்பது அவளுக்கே தெரியும். என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பட்டியலைத் தாங்களே திருத்திக்கொண்டது இப்படித்தான்.

பட்டியலில் முப்பது கல்லூரி போதும். சாக்கரே இல்லாவிட்டாலும் அங்கே படிக்க அவளுக்கு மனம் இருக்க வேண்டும். காலில் அடிபட்டு ஆட்டம் நின்றுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெயில் எழுதும் விதம். தலைப்பில் பள்ளி முடிக்கும் வருடம், ஆடும் இடம், கிளப் பெயர், ஜிபிஏ. உள்ளே ஆறேழு வரி. அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்பதற்கு உண்மையான காரணம் ஒன்று. வீடியோ இணைப்பு. அடுத்த மூன்று ஆட்டங்களின் தேதி, நேரம், மைதானம். கிளப் கோச்சின் போன் நம்பர். அவ்வளவுதான். தலைமைப் பயிற்சியாளருக்கு அனுப்பும்போது துணைப் பயிற்சியாளர்களையும் சேர்த்துப் போட வேண்டும், படிக்கிறவர்கள் அவர்கள்தான். ஒரு கல்லூரிக்கு எழுதியதை இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டும்போது பழைய கல்லூரியின் பெயர் அப்படியே நிற்கும். வாரம் ஒன்றாவது எனக்கு இப்படி வரும். எங்கள் பரம எதிரியின் பெயரோடு வந்ததும் உண்டு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய செய்தியோடு மறுபடி எழுத வேண்டும்.

வீடியோ மூன்று, நாலு நிமிடம். நான் முதல் நாற்பது நொடி பார்ப்பேன், பிடித்தால் மீதி. லெஃப்ட் பேக்குக்கு முதலில் வர வேண்டியது கோல் இல்லை. எதிரணியின் விங்கர் (ஓரமாகத் தாக்கி வருகிறவள்) ஓடி வரும்போது தனியாக நின்று மடக்குவது, பின்னால் ஆள் நெருக்கும்போது பந்தை வாங்கித் திரும்புவது, வலது பக்கத்துக்கு நீளமாக மாற்றிக் கொடுப்பது, மேலே ஏறி கிராஸ் போட்டுவிட்டு, பந்து பறிபோனதும் திரும்ப ஓடி வருவது. அந்தக் கடைசி ஓட்டத்தை வெட்டிவிடாதீர்கள். பந்தைப் பறித்ததோடு காட்சியை நிறுத்துகிறார்கள். பறித்த பிறகு யாருக்குக் கொடுத்தாள் என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது அவள் மேல் ஒரு வட்டம். பாட்டு வேண்டாம், ஸ்லோமோஷன் வேண்டாம். பிடித்துப்போன கோச் அடுத்து முழு ஆட்டம் கேட்பார். அதையும் தயாராக வையுங்கள்.

கல்லூரி கோச்சுகள் வந்து பார்ப்பதற்கென்றே நடக்கும் ஷோகேஸ் போட்டிகளில் அவர்கள் மடக்கு நாற்காலியோடு எல்லைக்கோட்டோரம் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பெயர்ப் பட்டியல் இருக்கும். பெயர் தெரியாமல் வந்து ஒரு பெண்ணைக் 'கண்டுபிடிப்பது' கதைகளில்தான். ஏற்கெனவே எழுதியவளைத் தேடித்தான் வருவார்கள். வந்தவர்கள் தவறு செய்கிறாளா என்று பார்ப்பதில்லை, எல்லாரும் தவறு செய்வார்கள். தவறு செய்த அடுத்த ஐந்து நொடியைப் பார்ப்பார்கள். வெளியே எடுத்தால் பெஞ்சில் எப்படி உட்காருகிறாள், அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வெடுக்கென்று பிடுங்குகிறாளா என்பதுகூடக் குறிப்பில் ஏறும்.

கேம்ப்: அந்த விளம்பரங்களில் பெரும்பாலானவை வருமானத்துக்கு. விதிப்படி யார் பணம் கட்டினாலும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கேம்ப்தான் அவை. அழைப்பு வந்ததற்கு அர்த்தம் எதுவும் இல்லை. மகளின் பட்டியலில் முதல் ஐந்தில் இருக்கும் கல்லூரி என்றால் போகலாம். போவதற்கு முன் அவள் எழுதி, பதிலில் (டிவிஷன் 1, 2 என்றால் ஜூன் 15க்குப் பிறகுதான் பதில் வரும்) அவளுடைய ஆட்டத்தைப் பார்த்ததற்கு அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

3,500 டாலர்? கட்ட வேண்டாம். ஆயிரம் கோச்சுகளுக்குப் போகும் மெயில் எந்த கோச்சுக்கும் எழுதியதில்லை. இப்படிப்பட்ட நிறுவனங்கள் அனுப்பும், நாற்பது பெயர் கொண்ட பட்டியல்களை நான் திறந்ததே இல்லை. அந்தப் பணத்தில் இரண்டு கல்லூரிகளுக்கு விமானத்தில் போய் வரலாம், மீதியும் இருக்கும். நிறுவனம் செய்யும் வேலையில் உருப்படியானது அட்டவணை போட்டு நினைவூட்டுவது; அதற்கு வீட்டில் ஒரு எக்செல் ஷீட் போதும். நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

ஆஃபர் வந்துவிட்டால் வாய் வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். கல்லூரியில் சேர்வதாக மாணவி கையெழுத்திடும் பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் முறையை 2024இலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது நிதியுதவி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் சட்டப்படி நிற்கும். ஒரு வருடத்துக்கா, நாலு வருடத்துக்கா? அடிபட்டால்? அவள் இடத்தில் இப்போது எத்தனை பேர், அதில் யார் எப்போது படிப்பை முடிக்கிறார்கள்? இதை மகளே கேட்கட்டும். கோச் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். எச்-4 என்பதற்காக அணியில் சேரத் தடை இல்லை. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் படிப்பு ஸ்காலர்ஷிப்பும் கல்லூரியின் சொந்தப் பணம், அவர்கள் தரலாம். ஆனால் மத்திய அரசின் கல்வி உதவி எச்-4இல் இருப்பவர்களுக்குக் கிடையாது. வருமானம் பார்த்துத் தரும் உதவியில் சில கல்லூரிகள் எச்-4 பிள்ளையை வெளிநாட்டு மாணவி கணக்கில் வைக்கும். அந்தக் கணக்கில் பணம் குறைவு. வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும் தனியார் கல்லூரிகளில் இது சின்ன விஷயம் இல்லை. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் இந்த ஒரு போனை மட்டும் நீங்கள் செய்யுங்கள், கோச்சுக்குத் தெரிய வேண்டியதில்லை. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், கல்லூரியின் நடுவில். தன் பெயரையும் படத்தையும் வைத்து மாணவர்கள் பணம் வாங்கும் வழி இப்போது திறந்திருக்கிறது; இந்த விசாக்களில் அதைத் தொடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

இதோடு என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்துவிடுங்கள். டிவிஷன் 1க்கு அவர்கள் கேட்கும் 16 பாடங்களில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். 3.9 வாங்குகிறவளுக்கு இதில் கவலை இல்லை, பள்ளி ஆலோசகரிடம் பாடப் பட்டியலைச் சரிபார்த்தால் போதும்.

கடைசியாக, உங்கள் மனைவியின் பயம். அது வெறும் பயம் இல்லை. முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆனால் அது கிளப் மைதானத்திலும் நடக்கும். ஃபிஃபா 11+ என்று இருபது நிமிட வார்ம்-அப் ஒன்று இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் காயங்கள் குறைவது ஆய்வுகளில் நிரூபணமானது. இரண்டு அணிகளிலும் அதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் மகள் இருபது நிமிடம் முன்னால் போய்த் தானே செய்யட்டும். ஸ்கூல் டீமை விட வேண்டாம். ஸ்கூல் ஆட்டத்துக்குக் கோச்சுகள் அதிகம் வருவதில்லை என்பது உண்மைதான், ஆனால் 80 நிமிடமும் ஆட வாய்ப்பிருப்பது அங்கேதான். வீடியோவுக்கு வேண்டிய காட்சிகள் அங்கே கிடைக்கும். போனை ஒரு ட்ரைபாடில் மாட்டி, ஸ்டாண்டின் மேல் படியில் நடுக்கோட்டுக்கு நேராக வைத்து எடுங்கள். எடுக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். "ஏறு, ஏறு, ஏன் நிக்கற!" என்று தமிழில் கத்தும் அப்பா ஒருவரின் குரல் முழுசாகப் பதிவான வீடியோ ஒன்று எனக்கு ஒருமுறை வந்தது. அலுவலகத்தில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான்.